பெரிய கூடத்துக்கு ஸ்பீக்கர் வாங்குகிறீர்களா?

ஏழு ராகங்களின் ஸ்வரங்களைப் பாறையில் வெட்டிவைத்த ஊர் குடுமியான்மலை. அங்கேயே ஆனாலும் பெரிய கூடத்தில் ஸ்பீக்கர் சரியில்லை என்றால் பாட்டு வெறும் இரைச்சல்தான்.

1. கடைக்குப் போகுமுன் கூடத்தின் நடுவில் நின்று ஓங்கிக் கைதட்டுங்கள். ஒலி கணகணவென்று திரும்பி வந்தால் முதல் செலவு ஜமுக்காளமும் கனத்த திரைச்சீலையும். கல் தரையும் வெறுஞ்சுவரும் எதிரொலித்தால் எவ்வளவு விலை கொடுத்தாலும் தெளிவு வராது.

2. 'வாட்ஸ்' எண்ணில் மயங்காதீர்கள், சென்சிட்டிவிட்டியைக் கேளுங்கள். 87 டெசிபலுக்குப் பதில் 90 என்றால், அதே சத்தத்துக்கு ஆம்ப்ளிஃபயர் பாதி வாட்ஸ் கொடுத்தால் போதும்.

3. 8 அங்குல வூஃபராவது உள்ள டவர் ஸ்பீக்கராகப் பாருங்கள். சின்னப் பெட்டியில் மிருதங்கத்தின் தொப்பி காணாமல் போகும்.

4. 4 ஓம் ஸ்பீக்கரா? உங்கள் ஆம்ப்ளிஃபயர் அதைத் தாங்குமா என்று பாருங்கள். தாங்காவிட்டால் சூடேறி நின்றுவிடும்.

5. உங்களுக்கு அத்துப்படியான வீணைப் பதிவு ஒன்றைக் கொண்டுபோய்ப் போடச் சொல்லுங்கள். கடைக்காரரின் டெமோ பாட்டு எல்லாப் பெட்டியிலும் இனிக்கும், அதற்காகத்தானே வைத்திருக்கிறார்!

6. மூலையில் வைக்காதீர்கள், பேஸ் குமுறும். சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, ட்வீட்டர் உங்கள் காது உயரத்துக்கு வரும்படி வையுங்கள்.