அட்டைப்பெட்டியில் ஒரு பாரிஸ் வீடு

பிரெஞ்சு பாணியில் பொம்மை வீடு என்றதும் பலரும் முதலில் லேஸையும் ரோஸ் நிறப் பெயின்ட்டையும் தேடிப் போகிறார்கள். செய்து முடித்தால் அது பிறந்தநாள் கேக் மாதிரி நிற்கிறது. பாரிஸ் வீட்டைக் காட்டிக்கொடுப்பவை வேறு: ஆள் உயரத்தைத் தாண்டும் ஜன்னல், வெண்மஞ்சள் சுண்ணாம்புக்கல் சுவர், மேலே பின்வாங்கிச் சாயும் சாம்பல் நிறக் கூரை. இந்த மூன்றின் அளவும் சரியாக அமைந்துவிட்டால், டிவி வந்த பழைய அட்டைப்பெட்டியே போதும்.

மாதிரிக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது ஓஸ்மான் காலத்துக் கட்டடம். மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில், 1853 முதல் 1870 வரை பாரிஸின் நிர்வாகத்தைக் கையில் வைத்திருந்த ஓஸ்மான், பழைய சந்துகளை இடித்து அகலச் சாலைகள் போட்டார். அவற்றின் இருபுறமும் ஒரே சாயலில் அடுக்குமாடிகள் எழுந்தன. தரைத்தளத்தில் கடை, நடுவில் வசதியான குடும்பங்கள், கூரைக்கடியில் வேலைக்காரப் பெண்களின் சிறு அறைகள். லிஃப்ட் பரவாத காலம்; படி ஏற ஏற அந்தஸ்து இறங்கியது. பொம்மை வீட்டுக்கு இதைச் சுருக்கி மூன்றே அடுக்கு வைத்தால் போதும்: கீழே கஃபே, மேலே வரவேற்பறை, உச்சியில் பணிப்பெண்ணின் அறை. புதுச்சேரியின் பிரெஞ்சு வீடுகளை மனதில் வைத்துத் தொடங்குபவர்கள் இங்கே சற்று நிற்க வேண்டும். அவற்றுக்குப் பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ் என்னும் மொட்டைமாடிதான். இந்தச் சாய்வுக் கூரையைப் பாரிஸிலிருந்துதான் எடுத்தாக வேண்டும்.

அளவு 1:24. நிஜத்தில் 24 செ.மீ. இருப்பது பொம்மை வீட்டில் 1 செ.மீ. அறையின் உயரம் 13 செ.மீ., ஜன்னல் 10 செ.மீ., மேசை 3, நாற்காலியின் உட்காரும் பலகை 2 செ.மீ.க்கும் சற்றுக் குறைவு. இந்த எண்களைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவது நல்லது. பொம்மை வீடுகள் கெடுவது பெரும்பாலும் கைத்திறன் இல்லாமல் அல்ல. யானை அளவு சோபாவை எலி அளவு அறையில் வைப்பதால்தான்.

5 மி.மீ. கனமுள்ள அட்டையை இரண்டிரண்டாக ஒட்டி 1 செ.மீ. பலகையாக்க வேண்டும். ஒன்றின் வரிகள் நெடுக்காகவும் மற்றதன் வரிகள் குறுக்காகவும் இருக்கட்டும். இல்லையென்றால் பசையின் ஈரத்தில் அட்டை அப்பளம் போல வளையும். வெள்ளைப் பசையை மெல்லத் தடவி, மேலே கனமான புத்தகங்களை ஏற்றி ஓர் இரவு விட வேண்டும்.

பிறகு வெட்டு. பக்கச்சுவர் இரண்டு, 18க்கு 28 செ.மீ. கீழ்த்தளமும் நடுத்தளமும் 28க்கு 18. இவை சுவர்களுக்கு இடையே உட்காரும். மூன்றாவது தளம் 30க்கு 19.5. இது சுவர்கள்மேல் படுத்து, முன்னால் ஒன்றரை செ.மீ. நீண்டு, கார்னிஸாகத் தெரியும். பின்சுவர் 30க்கு 39. முகப்பு 30க்கு 28 என்று கணக்கு வந்தாலும் உயரத்தில் 2 மி.மீ. குறைத்தே வெட்ட வேண்டும், கதவு போலத் திறக்கும்போது உரசாமல் இருக்க. இரும்பு ஸ்கேலும் புது பிளேடு போட்ட கட்டரும் இல்லாமல் இதில் இறங்கக் கூடாது. கட்டர் பெரியவர்கள் கையில் இருக்கட்டும்.

கூரைதான் இந்த வீட்டின் முகம். 17ஆம் நூற்றாண்டுக் கட்டடக் கலைஞர் பிரான்சுவா மான்சார் பிரபலமாக்கியதால் இதற்கு மான்சார்ட் கூரை என்றே பெயர். கீழ்ப்பகுதி கிட்டத்தட்ட செங்குத்து, மேல்பகுதி ஏறக்குறைய தட்டை. பக்கவாட்டுத் துண்டுகளை அடியில் 18, மேலே 14.5, உயரம் 10 செ.மீ. என்று வெட்டினால் சாய்வு தானாக வந்துவிடும். முன்பலகைக்கு 10.6 செ.மீ. உயரம் தேவை. அதை மேல்விளிம்பில் மட்டும் துணிப்பட்டையால் இணைத்தால் தூக்கிப் பார்க்கலாம். தீப்பெட்டியின் வெளிக்கூட்டைச் சாய்வாக வெட்டி ஒட்டினால் கூரை ஜன்னல் தயார்.

பாரிஸ் கூரைகளைப் போர்த்தியிருப்பது துத்தநாகத் தகடு. அந்தக் கூரைத் தொழிலாளர்களின் கைவேலையை யுனெஸ்கோ 2024இல் மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதை நகலெடுக்கத் தீக்குச்சிகளை மேலிருந்து கீழாக, 2.5 செ.மீ. இடைவெளியில் ஒட்டி, மேலே சாம்பல் நிறச் சார்ட் தாளைப் போர்த்தி, விரல் நகத்தால் குச்சியோரம் அழுத்தினால் போதும். அலுமினியத் தாள் வேண்டாம். அது டிபன் பாக்ஸ் மாதிரி மின்னும். பக்கத்தில் ஓர் அட்டைப் புகைபோக்கி, அதன் தலையில் செங்கல் நிறம் பூசிய ஸ்ட்ரா துண்டுகள் வரிசையாக.

முகப்பில் மேல்தளத்துக்கு மூன்று ஜன்னல்கள், ஒவ்வொன்றும் 5க்கு 10, தளத்தை ஒட்டியே தொடங்க வேண்டும். சட்டைப் பெட்டியின் பிளாஸ்டிக் மூடி கண்ணாடியாகும், 2 மி.மீ. அட்டைக் கீற்றுகள் சட்டமாகும். கல்லுக்கு, வால் புட்டியை மெல்லப் பூசி, அரை ஈரத்தில் ஸ்கேல் விளிம்பால் 1.5 செ.மீ.க்கு ஒரு படுக்கைக்கோடு அழுத்த வேண்டும். வெள்ளையில் துளி மஞ்சளும் துளி பழுப்பும் கலந்த நிறம். லேஸுக்கு இங்கேதான் வேலை வருகிறது: 4 செ.மீ. அகலப் பட்டையைத் தண்ணீர் கலந்த பசையில் நனைத்து, பிளாஸ்டிக் தாள்மேல் விரித்துக் காயவைத்துக் கறுப்பு அடித்தால், பால்கனியின் இரும்புக் கம்பி வேலைப்பாடு. கஃபேயின் கதவருகே நீலச் சதுரத்தில் வெள்ளை எண் ஒன்று. பாரிஸில் வீட்டு எண்கள் அப்படித்தான் இருக்கும்.

உள்ளே வரவேற்பறைத் தரைக்கு, அட்டைக் கீற்றுகளைச் சற்று லேசான, சற்று அழுத்தமான டீ டிகாஷனில் மாற்றி மாற்றி நனைத்துக் காயவைக்க வேண்டும். 4 மி.மீ. அகலம், 2 செ.மீ. நீளம், இரு முனையும் சாய்வெட்டு. அறையின் நடுவிலிருந்து ‘வி’ வடிவில் ஒட்டிக்கொண்டே போனால் பாரிஸின் பார்க்கே மரத்தரை. பொறுமையைச் சோதிக்கும் வேலை, ஆனால் முழு வீட்டிலும் அதிகம் பாராட்டு வாங்கப்போவது இதுதான். சுவரில் கணப்பு, அதன்மேல் நெடிய கண்ணாடி. வெள்ளை பூசி, பல்குத்தியால் சாம்பல் நரம்பு இழுத்தால் கணப்பு மார்பிளாகும்.

நாற்காலிக்குப் பதினைந்தாம் லூயி பாணியை விட்டுவிடலாம்; வளைந்த கால்கள் அட்டையில் வராது. பதினாறாம் லூயி நாற்காலிக்கு நேரான, கூம்பிய கால். பல்குத்தியை வெட்டினால் முடிந்தது. முட்டை வடிவ முதுகுக்குத் துணி சுற்றிய அட்டை. அந்தத் துணி வெள்ளையில் ஒற்றை நீலத்தில் சித்திரம் கொண்ட துவால் த ஜூயியாக இருந்தால் அழகு. பழைய கைக்குட்டையில் நீலப் பேனாவால் வரைந்துகொள்ளலாம். இந்தத் துணிக்கும் நம் கடற்கரைக்கும் உறவு உண்டு. சோழமண்டலக் கரை முதலான இடங்களிலிருந்து போன வண்ணத் துணிகள் பிரான்ஸில் அப்படி விற்றன; உள்ளூர் நெசவைக் காக்க அரசு 1686இல் அவற்றுக்குத் தடையே போட்டது. 1759இல் தடை நீங்கியது, மறு ஆண்டே ஒபர்காம்ப் என்பவர் ஜூயி-ஆன்-ஜோசாஸ் என்ற ஊரில் இந்தத் துணிக்கான தன் அச்சுப் பட்டறையைத் திறந்தார்.

கஃபே மேசைக்குப் பத்து ரூபாய் நாணயத்தை வைத்து வட்டம் வரைந்தால் அளவு கச்சிதம். மாவும் பசையும் பிசைந்து இரண்டரை செ.மீ.க்கு உருட்டினால் பகெத் ரொட்டி. உச்சி அறையில் கம்பி வளைத்த ஒற்றைக் கட்டில், ஒரு கிண்ணம், ஆணியில் தொங்கும் ஓர் ஏப்ரன். வேறெதுவும் வைக்காமல் இருப்பதே பொருத்தம்.

கடைசியாக, முகப்பை இடப்பக்கச் சுவரோடு பருத்தித் துணிப்பட்டையால் வெளிப்புறமாக ஒட்ட வேண்டும். பசை இறுக ஓர் இரவு பிடிக்கும். அதுவரை வீட்டை அலமாரியின் மேல்தட்டில், பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வைக்கவும்.