காவற்காரன் வீட்டில் குடியேறும் கள்வன்
சின்னமுத்து வைரசும் எமது நிர்ப்பீடனக் கலங்களும்

“சின்னமுத்து மாறி ஒரு மாதமாகிறது. உடம்பில் இருந்த சிவப்பும் மறைந்துவிட்டது. ஆனால் பிள்ளைக்கு ஒன்று மாறி ஒன்றாக வருத்தம் வருகிறது. முதலில் வயிற்றோட்டம், பிறகு காதில் சீழ், இப்போது நெஞ்சுச் சளி. இது ஏன்?”

ஊரைவிட்டு வந்து, பொது மண்டபங்களிலும் கொட்டில்களிலும் நெருங்கி வாழும் தாய்மார் கேட்கக்கூடிய கேள்வி இது. “நோய் வந்தால் உடம்பு பலவீனப்படும்தானே” என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அது அரைகுறைப் பதில். முழுப் பதிலை அறிய, இந்த வைரசு எமது உடலில் எங்கே குடியேறுகிறது, எவரின் உழைப்பில் பெருகுகிறது என்பதை நாம் பார்க்க வேண்டும்.

குருவிச்சையிலும் கீழானது

மாமரத்தில் படரும் குருவிச்சையை நாம் அறிவோம். அது மரத்தின் நீரை உறிஞ்சினாலும் தனக்கென்று பச்சை இலை வைத்திருக்கிறது. வெயிலைக்கொண்டு தன் உணவைத் தானே ஆக்குகிறது. வைரசுக்கோ அந்த இலைகூட இல்லை. அது உண்பதில்லை, சுவாசிப்பதில்லை, தனித்து நின்று பெருகுவதுமில்லை. ஒரு சிறிய உறைக்குள் சுருட்டி வைத்த கட்டளைக் குறிப்பு மட்டுமே அது.

எமது கலமொன்றில் ஏறத்தாழ 20,000 புரதங்களுக்கான பரம்பரை அலகுகள் உள்ளன. சின்னமுத்து வைரசிடம் இருப்பவை ஆறு மட்டுமே. ஆறு அலகுகளை வைத்துக்கொண்டு அது ஒரு பிள்ளையைப் படுக்கையில் விழுத்துகிறது என்றால், மிகுதி வேலைகளை யார் செய்கிறார்கள்? எமது கலங்களே செய்கின்றன.

உள்ளே போகும் கதவு

ஒவ்வொரு கலத்தின் வெளிச்சுவரிலும் பலவகைப் புரதங்கள் உண்டு. அவை அந்தக் கலத்தின் சொந்தத் தேவைக்காக இருப்பவை. வைரசு அவற்றுள் ஒன்றைத் தனக்குக் கதவாக்கிக்கொள்கிறது. சின்னமுத்து வைரசின் கதவு ‘ஸ்லாம்’ என்னும் புரதம் என்பதை யப்பானின் கியூசு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டு கண்டறிந்தனர்.

இந்த ‘ஸ்லாம்’ தோலிலோ ஈரலிலோ இருப்பதன்று. நோயை எதிர்த்து நிற்கும் நிர்ப்பீடனக் கலங்களின் சுவரில் இருப்பது. ஊரைக் காக்க நாம் வைத்த காவற்காரனின் வீட்டுத் திறப்பே கள்வனின் கையில் இருக்கிறது!

மூச்சோடு உள்ளே போன வைரசை, சுவாசப்பையில் காவல் நிற்கும் வெண்கலங்கள் பிடிக்கின்றன. பிடித்ததை வழமைபோல் நிணநீர்க் கணுக்களுக்குக் கொண்டுசெல்கின்றன. அங்கே மற்றைய காவற்கலங்கள் திரண்டிருக்கின்றன. வைரசு ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுகிறது. காய்ச்சலும் சிவப்பும் தோன்றுமுன் பத்து நாட்களளவில் இந்த வேலை நடந்து முடிந்துவிடுகிறது.

எங்கள் ஆலையில் அவன் நெல்

கலத்தினுள் ‘றைபோசோம்’ என்னும் நுண்ணிய ஆலைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. கட்டளைக் குறிப்பை வாசித்துப் புரதம் செய்வது அவற்றின் தொழில். குறிப்பு யாருடையது என்று அவை கேட்பதில்லை. நெல்லைக் கொட்டினால் ஆலை குற்றித்தானே தரும்!

வைரசு தன் குறிப்பைப் பிரதியெடுக்கும் நொதியத்தை மட்டும் கையோடு கொண்டு வருகிறது. அது எமது கலத்தில் இல்லாதது. மற்றையவை எல்லாம் இரவல். புரதம் செய்யும் ஆலை எமது, மூலப்பொருள் எமது, சக்தியும் எமது. கடைசியில், வைரசின் மேலுறையிலுள்ள ஒரு புரதத்தைச் சரியான இடத்தில் வெட்டிக் கொடுக்க வேண்டும். வெட்டாவிட்டால் புதிய வைரசு அடுத்த கலத்தோடு ஒட்டி உள்ளே போக முடியாது. அதையும் ‘பியூரின்’ என்னும் எமது கலத்தின் நொதியமே செய்து கொடுக்கிறது.

வெளியேறும் வழியும் இரவல்தான். நோயுற்ற வெண்கலங்கள் சுவாசக் குழாயின் ஓரத்துக்கு வரும்போது, அங்குள்ள கலங்களின் ‘நெக்ரின்-4’ என்னும் புரதத்தைப் பற்றி வைரசு அவற்றுள் நுழைகிறது. இது 2011இல் அறியப்பட்டது. அங்கிருந்து இருமலோடு காற்றில் கலக்கிறது. நோயாளி எழுந்து போன பின்னரும் இரண்டு மணித்தியாலம் வரை அந்த அறையின் காற்றில் அது நிற்கலாம். நோயெதிர்ப்பு இல்லாத கூட்டத்தில் ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேருக்குத் தொற்றலாம்.

அழிந்துபோகும் ஞாபகம்

இப்போது தாயின் கேள்விக்கு வருவோம். முன்பு வந்த நோய்களை நினைவில் வைத்திருக்கும் வெண்கலங்கள் எமது உடலில் உண்டு. அவற்றின் சுவரில் ‘ஸ்லாம்’ அதிகம். ஆகவே வைரசு அவற்றையே பெருமளவில் தாக்கி அழிக்கிறது. நெதர்லாந்தில் தடுப்பூசி பெறாத 77 பிள்ளைகளின் குருதியை நோய்க்கு முன்னும் பின்னும் ஆராய்ந்தபோது, அவர்கள் முன்பு பெற்றிருந்த பிறபொருளெதிரிகளில் 11 முதல் 73 சதவீதம் வரை இழக்கப்பட்டிருந்தது. இந்த முடிவு 2019இல் வெளியானது.

சின்னமுத்து திரும்ப வராதபடி உடல் புதிய காவலை அமைத்துக்கொள்கிறது. ஆனால் மற்றைய கள்வரின் முகங்கள் பலவற்றை அது மறந்துவிடுகிறது. அதனாற்றான் வயிற்றோட்டமும் நெஞ்சுச் சளியும் அடுத்தடுத்து வருகின்றன. தடுப்பூசி பெற்ற பிள்ளைகளிடம் இந்த இழப்புக் காணப்படவில்லை.

மருந்து ஏன் இல்லை?

பற்றீரியாவுக்குத் தனி ஆலை உண்டு. நுண்ணுயிர்க்கொல்லி மருந்து அந்த ஆலையை உடைக்கிறது. வைரசோ எமது ஆலையில் வேலை செய்கிறது. அதை உடைத்தால் எமக்கும் நட்டம். ஆகவே கடையில் வாங்கும் குளிசை சின்னமுத்தை மாற்றாது. பின்னால் வரும் பற்றீரியா நோய்க்கு மட்டும், வைத்தியர் சொன்னால் அது உதவும்.

மாடுகள் சொல்லும் பாடம்

சின்னமுத்து வைரசுக்கு நெருங்கிய உறவு, மாடுகளைக் கொன்ற வெக்கை நோய் வைரசு. அதுவும் மாட்டின் ‘ஸ்லாம்’ கதவாலேயே நுழைந்தது. 1987இல், உயிருடன் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு அந்த நோய் இலங்கைக்குள் மீண்டும் புகுந்து, 1994 வரை இங்கு காணப்பட்டது. அதற்கும் மருந்து இல்லை, தடுப்பூசி இருந்தது. நாடு நாடாக மாடுகளுக்கு ஊசி போட்டதால், 2011இல் அந்த நோய் உலகில் இருந்தே ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. மாட்டுக்கு முடிந்தது மனிதப் பிள்ளைக்கு முடியாதா?

இலங்கையில் சின்னமுத்து நீங்கிவிட்டதென 2019இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆயினும் 2023இல் அது மீண்டும் பரவியது. வேலியில் ஒரு பொட்டு இருந்தால் மாடு அதைக் கண்டுபிடித்துவிடும்.

நாம் செய்யக்கூடியவை

1. பிள்ளைக்கு 9 மாதத்திலும் 3 வயதிலும் ஊசி போட வேண்டும். இடம்பெயர்வில் தவறியிருந்தால் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள், பிந்தியும் போடலாம்.

2. தடுப்பூசி அட்டையை அடையாள அட்டையோடும் காணி உறுதியோடும் ஒரே பொலித்தீன் பையில் வையுங்கள். ஓடும்போது அதுவும் வரட்டும். அட்டை தொலைந்திருந்தால் அதை மறைக்க வேண்டாம்.

3. காய்ச்சல், இருமல், கண் சிவத்தல், பின் முகத்திலிருந்து இறங்கும் சிவப்பு ஆகியன கண்டால் பிள்ளையை உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். விற்றமின் ‘ஏ’ இரண்டு நாட்களுக்குக் கொடுப்பது உயிரையும் கண்பார்வையையும் காக்கும். அளவைச் சுகாதாரப் பகுதியினரே தீர்மானிப்பர்.

4. அம்மாள் வருத்தம் என்று வேப்பிலை கட்டிப் பிள்ளையைத் தனியே வைப்பது எமது முன்னோர் வழக்கம். தனியே வைப்பது நல்லதே. சிவப்புத் தோன்றி நான்கு நாள்வரை அது அவசியம். ஆனால் உணவையும் நீரையும் வைத்தியத்தையும் மறுப்பது ஆபத்து.

5. நோய் மாறிய பிள்ளையைப் பல மாதங்களுக்குக் கவனமாகப் பாருங்கள். வயிற்றோட்டமோ இளைப்போ வந்தால் காலம் தாழ்த்த வேண்டாம்.

கலந்துரையாடலுக்கு

அ. எமது கொட்டில் வரிசையில் ஊசி தவறிய பிள்ளைகள் எத்தனை பேர்?

ஆ. அவர்களின் பெயர்களை எழுதி, அடுத்த கிளினிக் நாளுக்கு முன் குடும்பநல உத்தியோகத்தரிடம் கொடுக்க எம்முள் யார் முன்வருவர்?