எடை குறைய எடை தூக்கலாமா?



நம் வீடுகளில் அடிக்கடி நடப்பது இது. சர்க்கரை பரிசோதனைக்குப் போன உம்மாவிடம், "எடையைக் குறையுங்கள்" என்று மருத்துவர் சொல்கிறார். அன்றிலிருந்தே உம்மா இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிடுகிறார். மூன்று மாதத்தில் ஆறு கிலோ குறைகிறது. சொந்தபந்தங்கள் பாராட்டுகிறார்கள். ஆனால் மாடிப்படி ஏறுவது முன்பைவிடச் சிரமமாகிறது. தொழுகையில் இருப்பிலிருந்து எழக் கையை ஊன்ற வேண்டியிருக்கிறது. "வயசாயிடுச்சு" என்று சொல்லி நாற்காலிக்கு மாறிவிடுகிறார்.

குறைந்த ஆறு கிலோவில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. அதைத்தான் இந்த மாதம் நாம் பார்க்கப் போகிறோம்.

எடை தூக்கினால் எடை குறையுமா?

நேரான பதில்: அதை மட்டும் செய்தால் பெரிதாகக் குறையாது.

"தசை கூடினால் தூங்கும்போதுகூட கொழுப்பு எரியும்" என்று ஜிம்முக்குப் போகும் நம் பிள்ளைகள் சொல்வார்கள். அதில் உண்மை உண்டு, ஆனால் அளவு மிகச் சிறியது. ஒரு கிலோ தசை, ஓய்வில் இருக்கும்போது ஒரு நாளைக்குச் செலவழிப்பது ஏறத்தாழ 13 கலோரி. ஒரு தேக்கரண்டி சர்க்கரையில் ஏறத்தாழ 16 கலோரி இருக்கிறது. பல மாதம் உழைத்துச் சேர்த்த ஒரு கிலோ தசையின் ஒரு நாள் கணக்கு, ஒரு கோப்பை தேநீரில் கூடுதலாகப் போடும் ஒரு கரண்டிச் சர்க்கரையில் அடிபட்டுப் போகும்.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2012-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அதிக எடை உள்ளவர்களை மூன்று குழுவாகப் பிரித்து எட்டு மாதம் பயிற்சி கொடுத்தார்கள். வேக நடை, ஓட்டம் போன்ற பயிற்சி செய்தவர்களுக்குச் சராசரியாக ஒன்றே முக்கால் கிலோ குறைந்தது. எடை தூக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு எடை சற்றே கூடியது; அவர்கள் உடலில் கூடியது தசை. இரண்டும் செய்தவர்களுக்கு எடை குறைந்தது, தசையும் கூடியது.

எடை குறைவதில் பெரும் பங்கு உணவுக்குத்தான். நடை அதற்குத் துணை. அப்படியானால் எடை தூக்கும் பயிற்சி எதற்கு?

எது குறைகிறது என்பதே கேள்வி

உணவை மட்டும் குறைத்து எடையைக் குறைத்தால், குறைவதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வரை கொழுப்பல்லாத பகுதியாக இருக்கலாம். அதில் தசையும் அடக்கம். நடுவயதைத் தாண்டியவர்களுக்குத் தசை தானாகவே குறைந்து வருகிறது. பட்டினியும் சேர்ந்தால் இழப்பு மேலும் கூடும். பிறகு பழையபடி சாப்பிட ஆரம்பித்தால் கொழுப்பு சீக்கிரம் திரும்பி வரும். போன தசை அவ்வளவு எளிதில் வராது.

65 வயதைக் கடந்த, உடல் பருமன் உள்ள 160 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2017-இல் வெளியானது. பயிற்சி செய்த மூன்று குழுவினருக்கும் உணவுக் கட்டுப்பாடு இருந்தது. ஆறு மாதத்தில் மூன்று குழுவிலும் எடை 9 சதவீதம் குறைந்தது. ஆனால் நடை போன்ற பயிற்சி மட்டும் செய்தவர்கள் கொழுப்பல்லாத உடல் எடையில் 5 சதவீதத்தை இழந்தார்கள். வலுப் பயிற்சி செய்தவர்கள் இழந்தது 2 சதவீதம்தான். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்கள் 3 சதவீதம் இழந்தாலும், எழுவது, நடப்பது, படி ஏறுவது போன்ற அன்றாடச் செயல்களில் அவர்களே அதிகம் முன்னேறினார்கள்.

தராசு மூன்று குழுவுக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டியது. உடம்பில் நடந்தது வேறு வேறு.

சர்க்கரை நோய் உள்ள குடும்பங்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சாப்பிட்ட பின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையைப் பெருமளவு உள்வாங்குவது தசைதான். தசை குறைந்தால் அந்தச் சர்க்கரை போய்ச் சேரும் இடமும் குறைகிறது.

வீட்டிலேயே தொடங்கலாம்

இதற்கு ஜிம் கட்டாயமில்லை. நம் பெண்கள் வீட்டுக்குள்ளேயே செய்யலாம்.

1. சுவரோடு ஒட்டிய, உறுதியான நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து உட்காருங்கள். முடியாதவர்கள் முதலில் கையை ஊன்றிக்கொள்ளலாம்.
2. சுவரில் இரு உள்ளங்கைகளையும் பதித்து, மார்பைச் சுவர்ப் பக்கம் கொண்டுபோய், தள்ளி மீளுங்கள்.
3. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஏறத்தாழ ஒரு கிலோ. இரு கையிலும் ஒன்றைப் பிடித்து முழங்கையை மடக்கி நீட்டுங்கள்.
4. சுவரைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்தி இறக்குங்கள்.

ஒவ்வொன்றையும் 8 முதல் 12 முறை செய்து, சற்று ஓய்வெடுத்து மறுபடி செய்யுங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது செய்ய வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதோடு வாரத்துக்கு 150 நிமிட நடையும் வேண்டும். 12 முறை எளிதாகிவிட்டால் எடையைச் சற்றுக் கூட்டுங்கள். எப்போதும் ஒரே அளவில் நின்றுவிட்டால் தசை வளராது.

மூச்சை அடக்கிக்கொண்டு தூக்காதீர்கள். இரத்த அழுத்தம் ஏறும். இதய நோய், கட்டுப்படாத இரத்த அழுத்தம், சர்க்கரையால் கண் பாதிப்பு உள்ளவர்களும், இன்சுலின் போடுபவர்களும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

தட்டில் என்ன இருக்கிறது?

தசைக்குப் புரதம் தேவை. நம் தட்டில் சோறும் பரோட்டாவும் நிறைந்திருக்க, கறியும் மீனும் ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் போன பிறகு, கடைசியாகச் சாப்பிடும் உம்மாவுக்கு மிஞ்சுவது குழம்புதான். இதை மாற்றுவது வீட்டில் உள்ள ஆண்களின் பொறுப்பு. முட்டை, மீன், கோழி, பருப்பு, கொண்டைக்கடலை, தயிர் இவற்றில் ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையும் அவர் தட்டிலும் இருக்கட்டும். எண்ணெயும் சோறும் குறையட்டும். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் மட்டும் புரத அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எதை அளப்பது?

தராசோடு தையல் டேப்பையும் எடுங்கள். இந்தியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் குறைவாக இருப்பது நல்லது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழ முடிகிறது என்பதையும் மாதம் ஒருமுறை குறித்து வையுங்கள். இடுப்பு குறைந்து, அந்த எண்ணிக்கை கூடினால், தராசு முள் அசையாவிட்டாலும் நீங்கள் சரியான வழியில்தான் போகிறீர்கள்.

இன்று மஃரிபுக்குப் பிறகு உம்மாவையும் வாப்பாவையும் நாற்காலியில் உட்கார வைத்து, நாமும் பக்கத்தில் உட்கார்ந்து, சேர்ந்தே பத்து முறை எழுந்து பார்ப்போம். நாற்காலிக்கு மாறியவர்களில் சிலராவது மீண்டும் தரையிலிருந்து எழுந்து நிற்பார்கள், இன்ஷா அல்லாஹ்.