பழவேற்காட்டுக் கல்லறைகள்

தேர்வாய் கண்டிகைக்குக் கிழக்கே, அதே திருவள்ளூர் மாவட்டத்தின் கடலோரத்தில் அமைந்தது பழவேற்காடு. அங்கு டச்சுக்காரர் 1613இல் எழுப்பிய ஜெல்டிரியா கோட்டை இன்று புதர்மண்டிய மேடு. கல்லறைத் தோட்டமோ நிலைத்துள்ளது.

அதன் வாயிலின் இருபுறமும் கல்லில் வடித்த எலும்புக்கூடுகள் இரண்டு நிற்கின்றன. உள்ளே, 17ஆம் நூற்றாண்டுக் கற்பலகைகளில் குடிச்சின்னங்களையும் மண்டையோடுகளையும் டச்சு எழுத்துகளையும் காண்கிறோம். காஞ்சித்திணை பயின்ற நம் மாணவர்க்கு இவ்வாயில் புதிதன்று; நிலையாமையை நாம் பாட்டில் வைத்தோம், அவ்வணிகர் கல்லில் வைத்தனர் எனலாம்.

தொல்காப்பியம் நடுகல்லுக்குக் காட்சி முதல் வாழ்த்து ஈறாக ஆறு நிலைகளை வகுத்துள்ளது. நடுகல் வீரனின் செயலை நினைப்பூட்டும். இக்கற்களோ பெரும்பாலும் பெயர், பதவி, இறந்த நாள் என்பவற்றோடு அமைகின்றன. எவர் செயலால் இச்செல்வம் விளைந்தது? தென்கிழக்காசிய நறுமணப் பொருள்களுக்கு மாற்றாகச் சென்ற துணியை நெய்தோர்க்கு இங்குக் கல்லில்லை. 17ஆம் நூற்றாண்டில் இத்துறையிலிருந்து பத்தாவியாவுக்கு அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட ஆயிரக்கணக்கானோர்க்கும் இல்லை. பொறித்ததை மட்டும் படிப்பது அரைப் படிப்பே.

இத்தோட்டம் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. எனினும் உப்புக்காற்று ஓயாத இடம். எழுத்துகள் மங்குமுன், உரிய ஒப்புதலுடன் அவற்றைப் படமெடுத்துத் தமிழாக்கும் பணியை நம் துறை மாணவர் மேற்கொள்ளலாம்.