அப்டேட் வந்த பின் கணக்குப் பிழைத்தால் யார் பொறுப்பு?

2024 ஜனவரி 1ஆம் திகதி வற் வரி 15 வீதத்திலிருந்து 18 வீதமாக உயர்ந்தது. வற் பதிவுள்ள, கணனியில் பில் போடும் கடைகள் அனைத்துக்கும் அன்று ஓர் அப்டேட் தேவைப்பட்டது. எனக்குத் தெரிந்த ஒரு புடவை மொத்த வியாபாரியின் கடையிலும் அது போடப்பட்டது. வீதம் சரியாகவே மாறியது. ஆனால் டிசம்பரில் 15 வீதத்துக்கு விற்ற துணி ஜனவரியில் திரும்பி வந்தபோது, கணனி 18 வீதத்துக்குக் கிரெடிட் நோட் அடித்தது. வாடிக்கையாளர் கட்டாத வரியைக் கடைக்காரர் திருப்பிக் கொடுத்தார். ஓர் இலட்சம் ரூபா சாமானுக்கு மூவாயிரம் ரூபா நட்டம். அது இரண்டு வாரம் வரை யார் கண்ணிலும் படவில்லை.

சொப்ட்வெயார் விற்ற கொழும்புக் கம்பனியிடம் கேட்டால், புரோகிராம் எழுதியவர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்களாம், அறிவித்திருக்கிறார்களாம். அங்கிருந்து வந்த பதில் இன்னும் விசேஷம். வீதத்தை மாற்றத்தான் சொன்னீர்கள், திரும்பி வரும் சாமானைப் பற்றிச் சொல்லவில்லை, அதற்குத் தனிக் கட்டணம் என்றார்கள். உடன்படிக்கையைப் புரட்டிப் பார்த்தால் அதில் ஒன்றுமே இல்லை. மொத்தத் தொகையும் வருடாந்தப் பராமரிப்புக் கட்டணமும் மட்டும்தான்.

அந்தப் புரோகிராமரை ஏசிப் பயனில்லை. பெருநாள் முடிந்ததும் வெளியூர்க் கடைகளிலிருந்து மிச்சத் துணி மூட்டை மூட்டையாகத் திரும்பி வரும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? (நமது பிள்ளைகள் எத்தனையோ பேர் இங்கிருந்தபடி வெளிநாட்டுக் கம்பனிகளுக்கு இதே வேலையைச் செய்கிறார்கள். அங்கும் யாராவது இப்படி ஏசிக்கொண்டிருப்பார்கள்.) என் குறையெல்லாம் நடுவில் நிற்பவர் மீதுதான். எங்களிடம் காசு வாங்கியவர் அவர். வேலையை யாரிடம் கொடுத்துச் செய்வித்தாலும் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே.

இது சிறு கடைகளுக்கு மட்டும் வரும் தொல்லையல்ல. பிரித்தானியாவின் டீ.எஸ்.பீ வங்கியை 2015இல் ஸ்பெயினின் சபடெல் வங்கி வாங்கியது. 2018 ஏப்ரலில் 52 இலட்சம் வாடிக்கையாளர்களின் கணக்குகள் புதிய கணனி அமைப்புக்கு மாற்றப்பட்டன. அதைக் கட்டிக் கொடுத்தது சபடெல்லின் சொந்தக் கணனிக் கம்பனியான சாபிஸ். அதற்குக் கீழே பல துணை ஒப்பந்தக் கம்பனிகள் இருந்தன. தரவுகள் ஒழுங்காக வந்து சேர்ந்தன, அமைப்புத்தான் வேலை செய்யவில்லை. மக்கள் தமது கணக்குக்குள் போக முடியாமல் தவித்தார்கள். நிலைமை முழுமையாகச் சீராக அந்த வருடம் டிசம்பர் ஆகிவிட்டது. இரண்டு தரவு நிலையங்களில் ஒன்றை மட்டுமே பரீட்சித்திருந்தார்கள் என்பது பின்னர் நடந்த விசாரணையில் தெரிய வந்தது.

2022 டிசம்பரில் வங்கிக்கு 4 கோடி 86 இலட்சத்து 50 ஆயிரம் பவுண் அபராதம் விதிக்கப்பட்டது. அத்தோடு விடவில்லை. வங்கியின் தலைமைத் தகவல் அதிகாரியாக இருந்த கார்லோஸ் அபார்காவுக்கு 2023இல் தனிப்பட்ட முறையில் 81,620 பவுண் அபராதம் போட்டார்கள். புரோகிராம் எழுதியது அவரல்ல. எழுதக் கொடுத்த கம்பனி உண்மையில் தயாராக இருக்கிறதா என்பதைப் போதியளவு உறுதிப்படுத்திக்கொள்ளவில்லை என்பதே அவர் மீதான குற்றச்சாட்டு. ‘அது வேறு கம்பனியின் வேலை’ என்ற பேச்சு அங்கே எடுபடவில்லை.

நமது கடைக்கு அப்படி ஓர் அதிகாரசபை வந்து நிற்கப் போவதில்லை. எழுத்தில் இருப்பதுதான் நமக்குத் துணை. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம் பணிப்பதை அறியாத வியாபாரி இல்லை. அதே ஒழுங்கை இங்கும் பின்பற்றலாம். ஒருவரின் உழைப்பையோ நேரத்தையோ கூலிக்கு எடுத்தால் அது இஜாரா. இன்ன விதமாக ஒரு பொருளைச் செய்து தா என்று ஒப்பந்தம் செய்தால் அது இஸ்திஸ்னா. சொப்ட்வெயார் செய்விக்கும்போது நாம் மனதில் நினைப்பது இரண்டாவதை, கையெழுத்து வைப்பதோ எதிலும் சேராத ஒரு தாளில். சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி 1992இல் ஜித்தாவில் எடுத்த தீர்மானத்தின்படி, இஸ்திஸ்னாவில் பொருளின் வகையும் தன்மையும் வேண்டிய விபரங்களும் குறிப்பிடப்பட வேண்டும், தவணை குறிக்கப்பட வேண்டும். விலையைப் பகுதி பகுதியாகக் கொடுக்கலாம். இரு தரப்பும் இணங்கினால், தவிர்க்க முடியாத காரணம் இருந்தாலொழிய, வாக்குத் தவறினால் நட்டஈடு என்ற நிபந்தனையையும் சேர்க்கலாம். எங்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

விபரங்களை எழுதும்போது கணனிப் பாஷை தேவையில்லை. கடையில் நடக்கும் சிக்கலான பில்களில் பத்துப் பன்னிரண்டைப் பொறுக்கி எடுங்கள். திரும்பி வந்த சாமான், பாதிக் காசு கட்டிய பில், திரும்பிய செக், கழிவு கொடுத்த பின் மாற்றிய சாமான் போன்றவை. ஒவ்வொன்றுக்கும் வர வேண்டிய விடையைக் கையால் போட்டு உடன்படிக்கையோடு இணையுங்கள். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் பின்னர் இவை சரியாக வந்தால்தான் வேலை முடிந்ததாகக் கொள்ளப்படும் என்று எழுதுங்கள். கடைசித் தவணைக் காசு, ஒரு மாதக் கணக்கு முடியும் வரை உங்கள் கையில் இருக்கட்டும்.

அப்டேட்டை முதலில் ஒரு கணனியில் மட்டும் போட்டுப் பாருங்கள். 2024 ஜூலை 19ஆம் திகதி கிரவுட்ஸ்ட்ரைக் கம்பனி அனுப்பிய பிழையான அப்டேட் ஒன்றினால் உலகம் முழுவதும் சுமார் 85 இலட்சம் கணனிகள் ஒரே நாளில் முடங்கின. எல்லாவற்றுக்கும் ஒன்றாக அனுப்பியதன் விளைவு அது. அன்று வெள்ளிக்கிழமை வேறு. நோன்பு கடைசிப் பத்தில் எந்தக் கம்பனி என்ன அப்டேட் அனுப்பினாலும் தொட வேண்டாம் என்பேன்.

இன்னொன்று, கடன் பேரேடும் ஸ்டொக் விபரமும் உங்கள் சொத்து. எக்ஸெலில் திறந்து பார்க்கக்கூடிய ஒரு பிரதி மாதந்தோறும் உங்கள் கைக்கு வர வேண்டும். அதைச் சண்டை வந்த பின் கேட்டால் தரமாட்டார்கள். உறவு நன்றாக இருக்கும்போதே, இந்த வாரமே கேட்டு வாங்குங்கள்.