கால் சீட்டுக் கணக்கு

சீட்டுக்கட்டு என்ற சொல்லைப் பார்த்ததும் வார்டன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பிப்பார் என்று தெரியும். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது காசு வைத்து ஆடும் சமாச்சாரம் அல்ல. கணக்குப் பேப்பரில் நாம் படித்த (படித்ததாக நினைத்துக்கொண்டிருக்கிற) நிகழ்தகவுப் பாடம்தான். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், நண்பர்களே.

போன கோடை லீவில் அமெரிக்காவிலிருந்து வந்திருந்த அத்தான், சட்டைப் பையில் அடங்குகிற ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்தார். உள்ளே கொஞ்சம் சீட்டுகள். பேஸ்பால் ஆட்டத்தைச் சீட்டிலேயே ஆடலாமாம். மைதானம் வேண்டாம், மட்டை வேண்டாம், மழைக்கும் பயமில்லை. "ரயில்ல போகும்போது ஆடுடா மாப்ளே" என்றார். எனக்கோ ஆடுவதைவிட, இது எப்படி வேலை செய்கிறது என்று பிரித்துப் பார்க்கத்தான் ஆசை. மெக்கானிக்கல் புத்தி, வேறென்ன!

பேஸ்பால் தெரியாதவர்களுக்கு நாலே வரி. பிட்சர் எறிகிறார், பேட்டர் அடிக்கிறார். அடித்துவிட்டு முதல் பேஸுக்குப் பத்திரமாக ஓடிச் சேர்ந்தால் அது ஒரு ஹிட். ஒரே அடியில் இரண்டாவது பேஸ் வரை போனால் டபுள், மூன்றாவது வரை போனால் டிரிபிள், நாலையும் சுற்றி வந்துவிட்டால் ஹோம் ரன். பிட்சர் நாலு பந்துகளை எல்லைக்கு வெளியே எறிந்து, பேட்டரும் அவற்றைத் தொடாமல் விட்டால் அவர் சும்மாவே முதல் பேஸுக்கு நடந்து போகலாம், அதுதான் வாக். மூன்று பேர் அவுட் ஆனால் அடுத்த அணியின் முறை, இப்படி 9 இன்னிங்ஸ்.

இங்கே ஒரு விஷயத்தை அடிக்கோடிட வேண்டும். நம் கிரிக்கெட்டில் சராசரி என்றால் ரன்களை அவுட்டால் வகுப்பது. பேஸ்பாலில் ஹிட்டுகளை "அட் பேட்" எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். அந்த எண்ணிக்கையில் வாக் சேராது! இதைக் கவனிக்காமல்தான் நான் முதலில் மூக்குடைபட்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

உண்மையான ஆட்டக்காரரின் ஒரு வருடச் சாதனையை ஒரு பெட்டிக்குள் அடைக்கும் வேலையை அமெரிக்காவில் பலர் பல விதமாகச் செய்திருக்கிறார்கள். 1941-இல் வந்தது 'ஆல் ஸ்டார் பேஸ்பால்'. உருவாக்கியவர் ஈதன் ஆலன், அவரே லீக்கில் ஆடியவர். ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை வட்டு. வட்டின் விளிம்பை ஹோம் ரன்னுக்கு இவ்வளவு, வாக்குக்கு இவ்வளவு என்று அவரவர் புள்ளிவிவரப்படி பங்கு போட்டிருப்பார்கள். நடுவில் சுற்றிவிடும் முள். முள் எங்கே நிற்கிறதோ அதுதான் விளைவு. நம் பாஷையில் சொன்னால் இது அனலாக். எவ்வளவு சிறிய பங்கானாலும் ஒரு மெல்லிய கீற்றாக வரைந்துவிடலாம். ஆனால் மேஜை சாய்ந்திருந்தாலோ, முள்ளைச் சுண்டுகிற விரல் பழகிவிட்டாலோ கதை கந்தல்.

1951-இல் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் ஊரிலிருந்து ஜே. ரிச்சர்ட் சைட்ஸ் என்பவர் 'ஆப்பா' என்ற ஆட்டத்தை விற்க ஆரம்பித்தார். இது டிஜிட்டல். இரண்டு பகடைகளை உருட்டி, ஒன்றைப் பத்தாமிடமாகவும் மற்றதை ஒன்றாமிடமாகவும் படிக்க வேண்டும். 11 முதல் 66 வரை மொத்தம் 36 விளைவுகள். ஆட்டக்காரரின் அட்டையில் 36-க்கும் விடை இருக்கும். அதே 1951-இல் டாப்ஸ் கம்பெனி மிட்டாயோடு சேர்த்து, முதுகு சிவப்பில் 52, நீலத்தில் 52 என்று சீட்டுகளை வெளியிட்டது. ஒவ்வொன்றிலும் ஒரு ஆட்டக்காரர் படம், கூடவே ஹிட், அவுட் என்று ஏதாவது ஒரு விளைவு. புரட்டிப் புரட்டி ஆட வேண்டியதுதான். பையில் வைக்க இதைவிட வசதி கிடையாது. ஆனால் படத்தில் இருப்பவரின் திறமைக்கும் சீட்டில் எழுதியிருப்பதற்கும் சம்பந்தம் இல்லை. வெறும் பொழுதுபோக்கு, அவ்வளவே.

1961-இல் ஹால் ரிச்மன் என்ற நியூயார்க் இளைஞர் 'ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்' கொண்டு வந்தார். பள்ளிப் பையனாக இருந்தபோதே முள் ஆட்டம் பிடிக்காமல் பகடையில் சொந்தமாகக் கணக்குப் போட ஆரம்பித்தவர். முதலில் நஷ்டம். அப்பாவிடம் கடன் வாங்கித்தான் நிமிர்ந்தார், தோற்றால் அப்பாவின் இன்சூரன்ஸ் தொழிலுக்குப் போக வேண்டும் என்ற நிபந்தனையோடு. (நம் வீட்டில் எல்லாம் கடன் கிடைக்காது, நிபந்தனை மட்டும்தான் கிடைக்கும்.) அவருடைய முக்கியமான யோசனை, மூன்று பகடைகளில் ஒன்று 1, 2, 3 காட்டினால் பேட்டரின் அட்டையைப் பார்க்க வேண்டும், 4, 5, 6 காட்டினால் பிட்சரின் அட்டையை. பாதி விளைவு அடிக்கிறவர் கையில், பாதி எறிகிறவர் கையில்.

சரி, நம் கட்டுக்கு வருவோம். அத்தான் கொடுத்த டப்பாவில் ஆட்டக்காரர்கள் எல்லாம் கற்பனைப் பெயர்கள். நிஜ ஆளை வைத்துச் செய்து பார்த்தால் என்ன என்று தோன்றியது. நான் தேர்ந்தெடுத்தது பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் டெட் வில்லியம்ஸ், 1941-ஆம் வருடம். அந்த வருடம் அவர் மட்டையோடு வந்து நின்றது 606 தடவை. அதில் அட் பேட் 456, ஹிட் 185. சராசரி 0.406. அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் இரண்டிலும் அதற்குப் பிறகு ஒருவரும் 0.400-ஐத் தொடவில்லை.

ஒரே ஆளுக்கு ஒரு முழுக் கட்டு என்றால், ஒரு அணிக்கு 9 பேர், 468 சீட்டு. பையில் அல்ல, பெட்டியில்தான் வைக்க வேண்டும். அதனால் சாதாரண 52 சீட்டுக் கட்டு ஒன்றைப் பொதுவாக வைத்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு சின்ன அட்டையில் எந்தச் சீட்டு வந்தால் என்ன விளைவு என்று எழுதிவிடலாம். 52-ம் 18-ம் 70 சீட்டு. பை தாங்கும்.

நான் செய்த தவறு இதுதான். 0.406-ஐ 52-ஆல் பெருக்கினேன். 21 வந்தது. 21 சீட்டுகளை ஹிட் என்று எழுதி, பிறகு வாக்குக்கு 13 ஒதுக்கினேன். மூன்று நாள் ஆடினோம். வில்லியம்ஸை அவுட்டாக்கவே முடியவில்லை! சிவில் படிக்கும் என் ரூம் மேட்தான் கண்டுபிடித்தான். "டேய், வாக் 13-ஐக் கழிச்சா மிச்சம் 39 தானே அட் பேட்? 39-ல 21 ஹிட்டுன்னா சராசரி 0.538 ஆகுதுடா. ஆளை நீயே உசத்திட்ட." வகுக்கும் எண்ணை மாற்றிப் போட்டிருக்கிறேன். 456-ஆல் வகுத்த சராசரியை 606-க்கு உரிய கட்டில் திணித்தால் வேறென்ன ஆகும்!

மறுபடி எல்லாவற்றையும் 606-ஆல் வகுத்து 52-ஆல் பெருக்கினேன். ஒற்றை ஹிட் 112, அதற்கு 9.61 சீட்டு. டபுள் 33, அதற்கு 2.83. ஹோம் ரன் 37, அதற்கு 3.17. வாக் 147, பந்து உடம்பில் பட்டு முதல் பேஸுக்குப் போனது 3, சேர்த்து 150-க்கு 12.87. ஸ்ட்ரைக் அவுட் 27-க்கு 2.32. மற்ற அவுட்டுகள் 244-க்கு 20.94. டிரிபிள் 3-க்கு 0.26. பக்கத்து முழு எண்ணுக்கு மாற்றினால் 10, 3, 3, 13, 2, 21, கடைசியில் 0. கூட்டிப் பாருங்கள், அச்சாக 52! வாக் தவிர்த்த 39-இல் ஹிட் 16, சராசரி 0.410. சந்தோஷத்தில் ரூம் மேட்டுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

டீ குடித்துவிட்டு அவன் கேட்டான். "அந்த 0.26 எங்கடா போச்சு?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். முழு எண்ணாக்கியதில் மற்றவர்களுக்குக் கொஞ்சம் கூடியது, கொஞ்சம் குறைந்தது, பரவாயில்லை. டிரிபிள் மட்டும் அடியோடு அழிந்துவிட்டது. நிஜ வில்லியம்ஸ் 3 டிரிபிள் அடித்தவர். என் வில்லியம்ஸ் 3 லட்சம் தடவை நின்றாலும் ஒன்றுகூட அடிக்க முடியாது. அபூர்வமானது என்பது வேறு, முடியவே முடியாதது என்பது வேறு அல்லவா? கால் சீட்டைக் கத்தரித்துக் கட்டில் வைக்கவும் வழியில்லை.

பெரியவர்கள் இதற்கு என்ன செய்தார்கள் என்று பார்த்தேன். ஆப்பாவில் 36-இல் ஒரு பங்கு என்றாலே 2.8 சதவீதம். வில்லியம்ஸின் டிரிபிளோ அரை சதவீதம். அதனால் சில எண்கள் வந்தால் மறுபடி உருட்டி இரண்டாவது பத்தியைப் பார்க்கச் சொன்னார்கள். 36 × 36 = 1296 பங்காகிவிடுகிறது. ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்கின் ஆரம்பகாலப் பெட்டிகளில் 1 முதல் 20 வரை எண்ணிட்ட சிறு சீட்டுகள் இருந்தன. ஒரே கட்டத்தில் இரண்டு விளைவுகளை எழுதி, உருவிய எண்ணைப் பார்த்து முடிவு செய்வார்கள். பின்னாளில்தான் அந்த இடத்துக்கு 20 முகப் பகடை வந்தது.

நம்மிடம் பகடை இல்லை, ஆனால் கட்டு இருக்கிறதே! அட்டையை இப்படி எழுதினேன். கிளாவர் 13-ம் வாக். இஸ்பேட் 2 முதல் ஜாக்கி வரை ஒற்றை ஹிட், ராணி, ராஜா, ஏஸ் ஹோம் ரன். டைமனில் ராணி, ராஜா, ஏஸ் டபுள், 10-ம் ஜாக்கியும் ஸ்ட்ரைக் அவுட், மீதி 8 அவுட். ஆட்டின் 13-ம் அவுட். டைமன் ஏஸ் வந்தால் மட்டும் இன்னொரு சீட்டு எடு, அது இஸ்பேட் ஆனால் டபுள் டிரிபிளாக மாறும். நிகழ்தகவு 1/52 × 13/51, அதாவது 0.0049. நிஜத்தில் 3/606-ம் 0.0050 தான். கால் சீட்டு கிடைத்துவிட்டது!

பிட்சர் விஷயத்தை இன்னும் சரியாக முடிக்கவில்லை. ரிச்மன் மாதிரி பாதிப் பாதி வைத்தால் பேட்டரின் அட்டையைத் திருத்த வேண்டும். சாதாரண பிட்சரின் அட்டையில் 12 ஹிட் சீட்டு என்று வைத்துக்கொள்வோம். இரண்டின் சராசரி 16 வர வேண்டுமானால் வில்லியம்ஸின் அட்டையில் 20 இருக்க வேண்டும். இப்படி 18 பேருக்கும் போட வேண்டும். பரீட்சை முடியட்டும்.

இன்னொரு சிக்கல். பகடைக்கு ஞாபகம் கிடையாது, சீட்டுக்கட்டுக்கு உண்டு. எடுத்த சீட்டைத் திருப்பி வைக்காமல் 52-ம் ஒருவருக்கே ஆடினால் ஹிட் துல்லியமாக 16. கூடவும் கூடாது, குறையவும் குறையாது. ஒவ்வொரு தடவையும் திருப்பி வைத்துக் கலைத்தால் திட்டவிலக்கம் 3.3 வரும், அதாவது 13-ம் வரலாம், 19-ம் வரலாம். நிஜ மனிதன் அப்படித்தானே ஆடுகிறான்? ஒரு வாரம் தொட்டதெல்லாம் துலங்கும், ஒரு வாரம் ஒன்றும் ஓடாது. என் ரூம் மேட் வேறு, இஸ்பேட் ஏஸ், ராஜா, ராணி மூன்றும் போய்விட்டதை எண்ணி வைத்துக்கொண்டு, "இனி உன் ஆளால ஹோம் ரன் அடிக்க முடியாது" என்று தைரியமாக எறிவான். 1941-இல் எந்தப் பிட்சருக்கு அந்த நிம்மதி இருந்தது? கடைசியில் ஒரு ஜோக்கரைக் கட்டுக்குள் செருகினோம். ஜோக்கர் வந்தால் எல்லாவற்றையும் சேர்த்துக் கலைக்க வேண்டும். எப்போது வரும் என்று இருவருக்குமே தெரியாது. சண்டை ஓய்ந்தது.

கட்டு தயாரானதும் நாங்கள் ஆட விரும்பியது ஒரே ஒரு நாளைத்தான். 1941 செப்டம்பர் 28. அந்த வருடத்தின் கடைசி நாள், பிலடெல்பியாவில் அத்லெடிக்ஸ் அணியோடு இரண்டு ஆட்டம். அன்று காலை வில்லியம்ஸின் கணக்கு 448-க்கு 179, அதாவது 0.39955. முழுமையாக்கினால் 0.400! உட்கார்ந்துகொள்ளலாம் என்று மேனேஜர் ஜோ கிரானின் வழி விட்டார். வில்லியம்ஸ் ஆடுகிறேன் என்று சொல்லிவிட்டார். அன்று அவருக்குக் கிடைத்தது 8 அட் பேட். 0.400 நிலைக்க 4 ஹிட் வேண்டும். 0.4 ஆட்டக்காரருக்கு 8-இல் 4 அல்லது அதற்கு மேல் கிடைக்க வாய்ப்பு 41 சதவீதம். நூற்றுக்கு 59 தடவை பெயர் போயிருக்கும்! அவர் முதல் ஆட்டத்தில் 5-க்கு 4 அடித்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. இரண்டாவதில் 3-க்கு 2. மொத்தம் 6. அந்த மாதிரி 6 அல்லது அதற்கு மேல் கிடைக்க வாய்ப்பு 5 சதவீதம்தான்.

எங்கள் ரூமில் அன்று இரவு, லைட் அணைக்கும் நேரம் தாண்டி, முதல் ஆட்டம் முடிந்தபோது எங்கள் வில்லியம்ஸ் 5-க்கு 2. மொத்தம் 453-க்கு 181. கால்குலேட்டரைத் தட்டினேன். 0.39956. மறுபடியும் அதே இடம், முழுமையாக்கினால் 0.400!

"உக்கார வைடா, போதும்" என்றான் ரூம் மேட், எதிரணிக்காரனாக இருந்தும்.

நான் சீட்டை எடுத்தேன். ஆட்டின் 7. அடுத்து வந்தபோது இஸ்பேட் 4, ஒற்றை ஹிட். கடைசியாக டைமன் 6. மொத்தம் 456-க்கு 182, 0.399. எப்படி முழுமையாக்கினாலும் 0.399 தான். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவன்தான் சீட்டுகளை எல்லாம் கூட்டி, ஜோக்கரைத் தேடி உள்ளே செருகி, என்னிடம் நீட்டினான்.

"கலைடா. இன்னொரு தடவை."