சட்டம் எவ்வாறு மாறுகிறது?

சட்டம் என்பது மேலிருந்து இறங்கி வருவது, நாம் செய்யக்கூடியது அதற்கு அடங்கி நடப்பது ஒன்றே என்று நம்மவரில் பலர் எண்ணியிருக்கின்றனர். இவ்வெண்ணம் சரிதானா என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம். அதற்காக வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. சிங்கப்பூர் முஸ்லிம்களின் விவாகச் சட்ட வரலாறே போதுமானது.

முதலில் ஒரு வேறுபாட்டை மனத்திலிருத்திக்கொள்ள வேண்டும். ஷரீஅத் இறைவன் வகுத்த நெறி. அதை மாற்றும் உரிமை எந்தச் சட்டசபைக்கும் இல்லை என்பது நமது நம்பிக்கை. ஆனால் நிக்காஹை யார் பதிவு செய்வது, தலாக் வழக்கை யார் விசாரிப்பது, ஜீவனாம்சத்தை எவ்வழியில் பெற்றுத் தருவது என்பனவெல்லாம் நிர்வாக ஏற்பாடுகள். இவை மனிதர் எழுதியவை. தேவை கண்டபோது மனிதரே திருத்தியவை. நாம் இங்கே பேசுவது இந்த இரண்டாம் வகையைப் பற்றியே.

பழைய நிலை

1880ஆம் ஆண்டில் நீரிணைக் குடியேற்றங்களின் சர்க்கார் முகமதியர் விவாகச் சட்டத்தைக் கொண்டு வந்தது. அதில் பதிவு செய்வது அவரவர் விருப்பமாக இருந்தது. 1908இல் அது கட்டாயமாயிற்று. ஆயினும் காதியின் வேலை பெரும்பாலும் பதிவு செய்வதோடு நின்றது. கணவர் ஒருவர் தலாக்கைப் பதிவு செய்ய வந்தால் மனைவியின் சம்மதம் தேவைப்படவில்லை. விளைவு என்ன? 1957க்கு முந்திய பல ஆண்டுகளில், பதிவான தலாக்குகளின் தொகை பதிவான நிக்காஹ்களின் தொகையில் பாதிக்கும் மேலாக இருந்தது. இஸ்லாம் மனமின்றி அனுமதித்த ஒன்று அன்றாட நிகழ்ச்சியாகிவிட்டது. கைக்குழந்தையோடு தாய்வீடு திரும்பிய பெண்கள், போக்கிடமின்றித் தவித்தனர்.

மாற்றிய சக்திகள் யாவை?

முதலாவது, துன்பத்தை நேரில் கண்டவர்கள். 1947இல் ஜனாபா சே ஜஹாரா பின்தி நூர் முகம்மது அவர்கள் மலாய் மாதர் நலச் சங்கத்தை நிறுவினார். ஆதரவற்ற பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் புகலிடம் அளித்தார். 1952இல் பி.பி.ஐ.எஸ். என்னும் முஸ்லிம் மாதர் சங்கம் தோன்றியது. அதே ஆண்டில் பல இனப் பெண்களும் சேர்ந்து சிங்கப்பூர் மாதர் மன்றத்தை அமைத்தனர். தனித்தனி வீடுகளில் அடங்கிக் கிடந்த அழுகையை இவர்கள் பொதுமக்களின் கேள்வியாக்கினர்.

இரண்டாவது, கணக்கு. பதிவு கட்டாயமாக இருந்ததால் தலாக்கின் தொகையை எவரும் மறுக்க முடியவில்லை. ஒரு பெண்ணின் துன்பத்தைத் தலைவிதி என்று சொல்லித் தள்ளிவிடலாம். ஏட்டில் உள்ள எண்ணை அவ்வாறு தள்ளிவிட இயலாது.

மூன்றாவது, வாக்குரிமை. 1959ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் வாக்களிப்பது கட்டாயமாயிற்று. பெண்களின் வாக்கை எந்தக் கட்சியும் அலட்சியம் செய்ய முடியாத நிலை ஏற்பட்டது. முஸ்லிமல்லாதாருக்கு ஒருதார மணத்தை வலியுறுத்திய மாதர் சாசனம் 1961இல் நிறைவேறியதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

நான்காவது, எழுதத் தெரிந்தவர். குறையைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கலாம். அதைச் சட்டவாசகமாக்க அறிவு வேண்டும். 1916இல் சிங்கப்பூரில் இந்திய முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த ஜனாப் அகமது இப்ராஹிம் அவர்கள் ஆங்கிலச் சட்டத்தையும் ஷரீஅத்தையும் ஒருங்கே கற்றவர். 1957ஆம் ஆண்டு முஸ்லிம்கள் சட்டத்திலும், பின்னர் மாதர் சாசனத்திலும், 1966ஆம் ஆண்டு முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டத்திலும் அவரது உழைப்பு உண்டு.

கிடைத்த பலன்

1957ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஷரீஅத் கோர்ட் 1958இல் இயங்கத் தொடங்கியது. கணவன் மனைவி இருவரும் சம்மதித்தாலன்றிக் காதி தலாக்கைப் பதிவு செய்யலாகாது. மற்றவை கோர்ட்டுக்குச் செல்ல வேண்டும் என்றாயிற்று. 1960ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, மனைவியுள்ள ஒருவர் மறுமணம் செய்ய வேண்டுமானால் தலைமைக் காதி விசாரித்துத் திருப்தியடைய வேண்டும். தலாக்கின் தொகை வெகுவாகக் குறைந்தது. ஷரீஅத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. மாறியது, அதைக் கையாண்ட முறை.

1965 டிசம்பரில் பாராளுமன்றத்துக்கு வந்த முஸ்லிம் சட்ட நிர்வாக மசோதா, தெரிவுக் குழுவின் ஆய்வுக்குப் பின் 1966 ஆகஸ்டில் நிறைவேறி, 1968 ஜூலை 1இல் அமலுக்கு வந்தது. முயிஸ் என்னும் இஸ்லாமியச் சமய மன்றம் அதன்படி அமைந்ததே. ஃபத்வா சாதாரணமாக ஷாஃபி மத்ஹபைத் தழுவியிருக்கும். வேறொரு மத்ஹபின்படி கேட்டால் அதன்படியே வழங்க வேண்டும் என்று அச்சட்டம் கூறுகிறது. நம்மில் ஷாஃபிகளும் ஹனஃபிகளும் கலந்து வாழ்வதால் இவ்விதியின் அருமையை நாம் நன்கறிவோம். மன்றத்தின் உறுப்பினர் சிலர் முஸ்லிம் சங்கங்கள் அனுப்பும் பட்டியலிலிருந்து நியமிக்கப்படுகின்றனர்.

திருத்தம் அத்துடன் நிற்கவில்லை. விவாகத்திற்குரிய குறைந்த வயது 16லிருந்து 18 ஆக உயர்த்தப்பட்டது 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தினால்தான்.

நமக்குரிய படிப்பினை

கண்டவர் ஒருவர், கணக்கு வைத்தவர் ஒருவர், வாக்களித்தவர் ஒருவர், எழுதியவர் ஒருவர். இந்நால்வரில் எவர் குறைந்தாலும் சட்டம் நகராது. நம் சமூகத்தில் கண்டவர் ஏராளம். குறித்து வைப்பவர் சிலரே. உதவி கேட்டுச் சங்கத்தின் வாயிலுக்கு வரும் சகோதரியிடம் ஆறுதல் கூறி அனுப்பிவிடுகிறோம். பெயரை மறைத்தாவது அவரது குறை எத்தகையது, எந்த விதி அவருக்குத் தடையாயிற்று என்று எழுதி வைக்கிறோமா? எழுதி வைக்காத குறையை அடுத்த மசோதா வரும்போது எவ்வாறு எடுத்துரைப்பது? மனு கேட்கும் நாளில் நாம் மௌனமாயிருந்தால் மற்றவர் நமக்காகப் பேசுவர். அவர் சொன்னதே நமக்குச் சட்டமாகும். பிறகு குறை கூறிப் பயனில்லை.

சிந்திக்க:

1. ஷரீஅத்துக்கும் அதன் நிர்வாகச் சட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டை இளைஞர்களுக்கு எவ்வாறு விளக்குவீர்கள்?

2. மேற்கூறிய நான்கு சக்திகளில் நமது சங்கத்திடம் குறைந்திருப்பது எது?

3. அக்குறையை இவ்வாண்டிலேயே நிரப்ப நீங்கள் ஏற்கக்கூடிய பணி யாது?